எத்தனை சுற்று

ரங்கநாயகி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முறம் நிறையக் கிடந்தது. பிலோமினா வந்து எதிரே உட்கார்ந்தபோதும் கை நிற்கவில்லை.

“கிடார் செய்யற ரங்கநாயகி வீடு இதுதானுங்களா?”

“ஆமாங்க.”

“அவங்களக் கொஞ்சம் கூப்புடுங்களேன்.”

“நான்தானுங்க.” சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சு மாசத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே வாசலில் நின்று அவரும் கேட்டவர்தான்.

இந்தக் கதையில் குருவுக்கு வயசு இருபத்தாறு, படிப்பு அஞ்சாம் வகுப்பு. சீடருக்கு வயசு ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷம் ஐ.டி.ஐ.யில் மோட்டார் காயில் சுற்றச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஒரு கல்யாணக் கச்சேரியில் கேட்ட எலெக்ட்ரிக் கிடாரின் குரல் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அதைச் செய்த கை யாருடையது என்று விசாரித்துக்கொண்டே காரமடை வந்து சேர்ந்தார்.

“நீங்க வாத்தியாருங்க. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது?” என்று ரங்கநாயகி கூச்சப்பட்டாள்.

“சொல்லித்தர வேண்டாம் அம்மணி. பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்று உட்கார்ந்தவர்தான்.

பிலோமினா போத்தனூர்க்காரி. பாட்டுக் கச்சேரிக் குழுவில் பதினாறு வருஷமாகக் கிடார் வாசிக்கிறவள். தனக்கு வேண்டியதை நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“அதை வாத்தியாரு படிப்பாருங்க. உங்களுக்கு எந்தத் தோளுங்க வலிக்குது?”

பிலோமினா திகைத்துப்போனாள். “எடதுதான். வாரு மாட்டி மாட்டி வந்த வலி. அதை எழுதியிருக்கேனா என்ன?”

“இல்லீங்க. பையைக் கழட்டறப்பப் பாத்தேன். மலைவேம்புல செஞ்சரலாம், எடை தெரியாது. சத்தம் எப்படி வேணுமுங்க?”

பிலோமினா பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இத்தனை வருசமும் குழுவோட கிடார்தாங்க, என்னுதுன்னு ஒன்னு இருந்ததில்ல. பத்து வாத்தியம் சேந்து முழங்கறப்ப, இதுல நான் எதுன்னு எனக்கே தெரியறதில்ல. வேற யாருக்கும் தெரியாட்டிப் போகுது, எனக்காவது தெரியணும்.”

நாச்சிமுத்து நாலு பக்கத்தையும் படித்து முடித்தார். அதில் இது இல்லை.

மூன்று மாசத்தில் கிடார் உருவானது. மரத்தை அறுத்து இழைத்துக் கொடுத்தது ரங்கநாயகியின் புருஷன். மற்றதெல்லாம் அவளும் நாச்சிமுத்துவும். கடைசியாகப் பாக்கி இருந்தது பிக்கப். கம்பி அதிர்வதைக் கேட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சொல்கிற காந்தக் காயில் அது. கிடாருக்குத் தொண்டை என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடியைவிட மெல்லிசான தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும்.

“ஆளுக்கொன்னு சுத்துவோமுங்க. அவங்களே கேட்டுட்டுச் சொல்லட்டும்” என்றார் நாச்சிமுத்து. தன் காயிலோடு ஒரு கிடார் இந்த வீட்டைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அது நடந்தால் எட்டு மாசம் உட்கார்ந்ததற்கு அர்த்தம் உண்டு. நடக்காவிட்டால் ஊருக்குக் கிளம்பிவிடுவது என்று மனசுக்குள் வைத்திருந்தார்.

அவர் எண்ணிக்கை மிஷின் வைத்துச் சுற்றினார். சரியாக எட்டாயிரம் சுற்று. தறியில் பாவு ஓட்டினதுபோல இழையோடு இழை ஒட்டி நின்றது. ரங்கநாயகி பழைய தையல் மிஷினின் சக்கரத்தில் காயில் சுற்றுகிற கட்டையை மாட்டி, காலால் மிதித்து, விரலால் கம்பியை விட்டுக்கொண்டே சுற்றினாள். அது கோழி கிளறின மண் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது.

பிலோமினா வந்து முதலில் அவருடையதை வாசித்தாள்.

“சுத்தமா இருக்குதுங்க” என்றாள்.

அடுத்து ரங்கநாயகியுடையதை மாட்டிக் கொடுத்தார்கள். வாசிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் வைத்த டீ ஆறி ஏடு கட்டியது.

“இது இருக்கட்டுமுங்க” என்றாள் கடைசியில். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்து, “ஏனுங் வாத்தியாரே, டியூசன் சரியா நடக்கறதில்லையா?” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்து வைத்தார். அவள் போனதும் இரண்டு காயிலையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையே காட்டின.

“எத்தன சுத்து சுத்துனீங்க அம்மணி?”

“எண்ணலீங்க.”

“எண்ணாம எப்படீங்க?”

“நெசமாலுமே எண்ணலீங்க.”

வித்தை தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிலோமினா கிடாரை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே மேட்டுப்பாளையத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போவதாக ஏற்பாடு. காலையில் ரங்கநாயகி தன் மூணு வயசுப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். கம்பி அசையாமல் இருக்க மெழுகில் முக்குவதற்காகக் கழற்றிய அவளுடைய காயில் பலகைமேல் இருந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிரித்து எண்ணிவிட்டு, அதே எண்ணிக்கைக்குத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

மிஷினில் மாட்டிப் பின்பக்கமாக ஓட்டினார். ஆயிரம் வந்தது. இரண்டாயிரம் வந்தது. மூவாயிரத்து நூற்று நாற்பதில் கம்பி அறுந்தது. நுனியைத் தேடினார், கிடைக்கவில்லை. நகத்தால் நெருடினார், இன்னும் இரண்டு இடத்தில் அறுந்தது. ரங்கநாயகி திரும்பி வந்தபோது துண்டின்மேல் ஒரு கைப்பிடி தாமிர முடி கிடந்தது.

“நான்தானுங்க பிரிச்சேன்” என்று எழுந்து நின்றார்.

அவள் அரிசிப் பையை இறக்கி வைத்தாள். பாப்பாவை இறக்கிவிட்டாள்.

“எத்தன வந்துச்சுங்க?”

“மூவாயிரத்து நூத்து நாப்பது. அதோட அறுந்துருச்சு.”

“நீங்க தேடுனது கெடச்சுதுங்களா?”

“இல்லீங்க. நாளையிலிருந்து நான் வர்லீங்க அம்மணி.”

“நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. இன்னைக்கி கம்பி புடிக்க ஆளு வேணும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். கம்பி உருளையிலிருந்து அவர் விரல் இடுக்கு வழியாக அவள் விரலுக்குப் போனது. அவள் மிதித்தாள். அவர் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். பழக்கம் விடவில்லை.

எழுநூற்றுச் சொச்சத்தில், “ரங்கா, தண்ணி வந்துருச்சு!” என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. அவள் போட்டது போட்டபடி எழுந்து போனாள். இழுத்தால் அறும், விட்டால் தொய்யும். அவர் விரலை அசைக்காமல் இருந்தார். நாலு குடம் பிடித்துவிட்டு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, கட்டையைப் பெருவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி மிதித்தாள்.

அடுத்து சிலிண்டர்க்காரர் வந்தார். “புஸ்தகத்தக் கொண்டாம்மா!” அதில் நாச்சிமுத்துவுக்கு எண்ணிக்கை தப்பிப்போனது. இரண்டாயிரத்து நானூறா, ஐநூறா? தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. விரல் நடுவே கம்பி ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாசத்தில் முதல்முறையாக அது ஒரே வேகத்தில் ஓடவில்லை என்பது தெரிந்தது.

மூணரை மணி இருக்கும். பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசம் வந்தது. அவள் ஓடினாள். வந்து கட்டையைத் தடவினாள். “போதுமுங்க” என்று கம்பியைக் கத்தரித்தாள்.

முதலில் சுற்றியதைவிட இது மெலிசாக இருப்பதுபோல் பட்டது. அவர் மீட்டரைத் தேடாமல், மெழுகை உருக்கிக் காயிலை முக்கிக் கிடாரில் மாட்டினார்.

பிலோமினா பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள். கிடாரைத் தோளில் மாட்டி, இரண்டு தரம் மீட்டிவிட்டு நிறுத்தினாள்.

“அன்னைக்கி வாசிச்சது இது இல்லையே?”

“இல்லீங்க” என்றாள் ரங்கநாயகி. “அது அறுந்துருச்சு.”

“நான்தானுங்க அறுத்தேன்” என்றார் நாச்சிமுத்து. “எண்ணிப் பாக்கறதுக்காகப் பிரிச்சேன்.”

பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு வாசித்தாள். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

“இதை எத்தனை சத்தத்துக்கு நடுவுல கேட்டாலும் நான் கண்டுபுடிச்சுருவேனுங்க.”

பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, “கம்பிய அறுத்தீங்க, சரி. கம்பி நீட்டாம நின்னீங்களே வாத்தியாரே, அது பெருசு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரங்கநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, காலையில் வாங்கிவந்த அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன் அம்மணி. எத்தன சுத்துன்னு இனிக் கேக்க மாட்டேன். போதும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“எனக்கு எங்கீங்க தெரியுது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கை அது பாட்டுக்குப் போய்ட்டே இருக்கும். நல்லாத்தான வருது, நிறுத்துவானேன்னு தோணும். அப்பப் பாத்து…”

“அம்மா! ஆயி இருந்துட்டேன்! கழுவி உடு!” பின்பக்கத்திலிருந்து பாப்பா கத்தினாள்.

“இதா வந்துட்டேன் சாமி” என்று ரங்கநாயகி எழுந்து போனாள்.

நாச்சிமுத்து மூடி கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.