நனையாத நீச்சல் பள்ளி

நீர்மருதங்காட்டில் செவ்வல்லி என்ற நீர்நாய் ஆசிரியையாக இருந்தாள். ஆற்றங்கரையில் ஒரு புங்கமரத்தின் அடியில் அவளுடைய வகுப்பு நடந்தது. முயல், முள்ளம்பன்றி, கீரி, புள்ளிமான் என்று தரையில் வாழும் விலங்குகளின் குட்டிகள் முப்பது பேர் அவளிடம் படித்தார்கள்.

போன ஐப்பசியில் அந்தக் காட்டில் ஒரு கொடுமை நடந்திருந்தது. மலையில் பெய்த மழையில் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் பொங்கி வந்து பதினொரு குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. கரை நான்கு பாய்ச்சல் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. பெற்றவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த ஆனி மாதம் காட்டுச் சபை கூடியது. யானைக் கூட்டத்தின் தலைவி பெருந்தேவி எழுந்து நின்றாள். காடே அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

"இந்த வருஷ மானியம் ஆசிரியர்களுக்கு!" என்றாள் அவள். "குட்டிகளுக்குப் புதிதாக, உருப்படியாக எதையாவது சொல்லிக்கொடுக்க யாரிடம் நல்ல திட்டம் இருக்கிறதோ, அவருக்காக எங்கள் கூட்டம் ஒரு மாதம் முழுக்க உழைக்கும். பள்ளம் தோண்டச் சொன்னால் தோண்டுவோம். மரம் இழுக்கச் சொன்னால் இழுப்போம்!"

கரடி வாத்தியார் தேனெடுக்கும் பயிற்சி தருவதாகச் சொன்னார். மரங்கொத்தி வாத்தியார் தாளம் சொல்லித்தருவதாகச் சொன்னார். செவ்வல்லி கடைசியாக எழுந்தாள்.

"தரையில் வாழும் குட்டிகளுக்கு நான் நீச்சல் சொல்லித்தருகிறேன். ஆற்றின் வேகத்தை அவர்கள் தாங்க மாட்டார்கள். ஆழமில்லாத ஒரு குளம் மட்டும் வெட்டிக்கொடுங்கள் பெரியம்மா!"

தும்பை என்ற தாய் முயல் மெதுவாக எழுந்தாள். போன வருஷம் ஆறு கொண்டுபோனவர்களில் அவளுடைய மூத்த மகனும் ஒருவன்.

"என் மகள் பஞ்சுவை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்!" என்றாள் தும்பை.

அதற்குப் பிறகு யாரும் வேறு திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மானியம் செவ்வல்லிக்குக் கிடைத்தது.

யானைகள் பத்தே நாளில் குளத்தை வெட்டின. முதல் ஐந்து நாள் வகுப்பு அமர்க்களமாக நடந்தது. குட்டிகள் கரையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள். அழுதார்கள். கத்தினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பஞ்சு முழங்கால் வரை இறங்குவாள். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் கரைக்கு ஓடிவிடுவாள். குளம் முழுக்கச் சேறு. செவ்வல்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஆறாம் நாள் கொண்டைமுத்து வந்து சேர்ந்தான். அவன் ஒரு கருமந்தி. சபையின் செய்திகளை நாலு காட்டுக்கும் கொண்டுபோவது அவன் வேலை.

"ஐயையோ! இதுவா மானியக் குளம்?" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "எருமை புரண்ட குட்டை மாதிரி இருக்கிறதே! நாளை மறுநாள் மேற்குக் காட்டிலிருந்து கடமான் தலைவர் பார்க்க வருகிறார்!"

"குட்டிகள் இறங்கினால் தண்ணீர் கலங்கத்தானே செய்யும்?" என்றாள் செவ்வல்லி.

"அதனால்தான் சொல்கிறேன். இரண்டே இரண்டு நாள் இறக்காதீர்கள். தண்ணீர் தெளியட்டும். வருகிறவருக்கு நீச்சல் விதிகளைச் சொல்லிக் காட்டினால் போதாதா? பெரியம்மா மானம் காப்பாற்றப்பட வேண்டாமா?"

இரண்டு நாள்தானே என்று செவ்வல்லி சம்மதித்தாள். நீச்சலுக்கு ஒன்பது விதிகள் எழுதினாள். குட்டிகள் அவற்றை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். கடமான் தலைவர் வந்தார். முப்பது குட்டிகளும் வரிசையில் நின்று ஒரே குரலில் விதிகளைச் சொன்னார்கள். தலைவர் அசந்துபோனார்!

"இப்படி ஒரு பள்ளியை நான் பார்த்ததே இல்லை!" என்று சொல்லி, செவ்வல்லியின் கழுத்தில் ஒரு காட்டுமல்லிகை மாலையைப் போட்டார்.

பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். இதுவரை யாரும் அவளுக்கு மாலை போட்டதில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் அதைக் கழற்றவே இல்லை.

அதன் பிறகு யார் யாரோ வந்தார்கள். கிழக்குக் காட்டு நரிகள் வந்தன. அருவிக்கரைப் பறவைகள் கூட்டமாக வந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கொண்டைமுத்து ஒரு யோசனையோடு வந்து நிற்பான்.

"கரையில் கல் படி கட்டினால் என்ன? வழவழவென்று தேய்த்துவிடலாம்!"

"நடுவில் தாமரை இருந்தால் எடுப்பாக இருக்கும்!"

"இன்னும் கொஞ்சம் ஆழமாக்கலாம் டீச்சர். ஆழம் இருந்தால்தான் தண்ணீர் நீலமாகத் தெரியும்!"

யானைகள் சொன்னதையெல்லாம் செய்தன. குளம் மூன்று யானை ஆழத்துக்குப் போனது. நீலமாகவும் தெரிந்தது.

ஒருநாள் பஞ்சு கேட்டாள். "டீச்சர், மறுபடியும் எப்போது தண்ணீரில் இறங்குவோம்?"

"இறங்கலாம் கண்ணு. தாமரை இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. நாளைக்கு வேறு விருந்தாளிகள் வருகிறார்கள்."

கொஞ்ச நாளில் குட்டிகள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். செவ்வல்லியோ, காலையும் மாலையும் அந்த ஒன்பது விதிகளைக் கேட்டுக் கேட்டு, இவர்களுக்கு நீச்சல் வந்துவிட்டது என்றே நம்பத் தொடங்கினாள். யாராவது கேட்டால், "முப்பது பேரும் தேறிவிட்டார்கள்!" என்று வாய் கூசாமல் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் சபை முழுவதும் குளத்தைப் பார்வையிட வந்தது. பெருந்தேவி வந்தாள். கரடி வாத்தியார் வந்தார். பெற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். மூங்கில் வளைவில் பூத்தோரணம் தொங்கியது. தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது.

செவ்வல்லி பெருந்தேவியை எதிர்க்கரைக்கு அழைத்துப்போய்க் கல் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் குட்டிகள் படியில் வரிசையாக நின்று விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பஞ்சு கடைசிப் படியில், தண்ணீரின் விளிம்பில் நின்றாள். "மூன்றாம் விதி!" என்று சொல்லிக் கையை உயர்த்தினாள். வழவழப்பான கல்லில் அவள் கால் வழுக்கியது.

'தொப்'பென்று குளத்துக்குள் விழுந்தாள்.

கூட்டம் "ஐயோ!" என்றது. செவ்வல்லி சிரித்தாள்!

"பதறாதீர்கள்! இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? இப்போது பாருங்கள் பெரியம்மா, எங்கள் பஞ்சு எப்படி நீந்துகிறாள் என்று!"

எல்லோரும் பார்த்தார்கள். பஞ்சுவின் காது இரண்டும் ஒருமுறை மேலே வந்தன. பிறகு உள்ளே போய்விட்டன. தாமரை இலை ஒன்று ஆடியது. அவ்வளவுதான்.

படியில் நின்ற முள்ளம்பன்றிக் குட்டி உரக்கக் கத்தியது. "நான்காம் விதி! பயப்படாதே! ஐந்தாம் விதி! காலைப் பின்னால் உதை!" மற்ற குட்டிகளும் சேர்ந்துகொண்டார்கள். "ஆறாம் விதி! மூக்கை மேலே வை!" முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் விதிகளைச் சொன்னார்கள். ஒருவர்கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

செவ்வல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சு நீந்தி அவள் பார்த்ததே இல்லை! முழங்கால் தண்ணீரில் நின்று அழுத பஞ்சுவைப் பார்த்திருக்கிறாள். கரைக்கு ஓடிய பஞ்சுவைப் பார்த்திருக்கிறாள். வரிசையில் நின்று கணீரென்று விதி சொன்ன பஞ்சுவைப் பார்த்திருக்கிறாள். நீந்திய பஞ்சு என்று ஒருத்தி இல்லவே இல்லை!

"பஞ்சு!" என்று தும்பை அலறினாள்.

செவ்வல்லி பாய்ந்தாள். நீலமாகத் தெரிவதற்காக வெட்டிய ஆழம், உள்ளே போகப் போக இருட்டாக இருந்தது. தாமரைத் தண்டுகளுக்கு நடுவில் தடவினாள். ஒரு தடவை கைக்கு எதுவும் சிக்கவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினாள். இந்தத் தடவை மெத்தென்று ஏதோ பட்டது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள்.

பஞ்சு அசையவில்லை. செவ்வல்லி அவளைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை பஞ்சுவின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் இருமினாள். பிறகு அழுதாள்.

தும்பை மகளை வாரி அணைத்துக்கொண்டாள். "தேறிவிட்டாள் என்று சொன்னீர்களே டீச்சர்! நேற்றுக்கூடச் சொன்னீர்களே!"

கொண்டைமுத்து முன்னால் வந்தான். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை! குழந்தை பதற்றத்தில் மறந்துவிட்டாள். மற்ற எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். இல்லையா டீச்சர்?" என்று சொல்லிச் செவ்வல்லியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குளமும் நிற்கும், பெயரும் நிற்கும். செவ்வல்லியின் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பெருந்தேவியின் முன்னால் போய் நின்றாள்.

"இல்லை பெரியம்மா. முப்பது பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. பதினைந்து நாளாக நான் யாரையும் தண்ணீரில் இறக்கவே இல்லை. குளம் கலங்கிவிடும் என்று பார்த்தேன். மாலைக்கு ஆசைப்பட்டேன்."

அடுத்த நொடியே பெற்றவர்களின் சத்தம் காட்டைத் தூக்கியது.

"நீச்சல் பள்ளியில் நீச்சலே இல்லையா!"

"மானியத்தைப் பிடுங்குங்கள்! குளத்தை மூடுங்கள்!" என்று கரடி வாத்தியார் கத்தினார்.

பெருந்தேவி தும்பிக்கையைத் தூக்கினாள். சத்தம் அடங்கியது.

"நான் இந்தக் குளத்தைப் பார்க்க ஏழு தடவை வந்தேன்" என்றாள் அவள். "கல் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன். தாமரை பூத்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குட்டியைக் கூப்பிட்டு, எங்கே, இறங்கிக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் செய்தது தப்பு. என் தப்பு அதைவிடப் பெரிது."

சொல்லிவிட்டு அவள் நேராகக் குளத்துக்குள் நடந்தாள். படிகள் அவள் காலடியில் நொறுங்கின. கொண்டைமுத்து, "ஐயோ, தாமரை! தாமரை!" என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே மொத்த யானைக் கூட்டமும் இறங்கியது. கரை மண்ணை இடித்து உள்ளே தள்ளின. ஆழத்தைத் தூர்த்தன. நீலத் தண்ணீர் பழுப்பானது. பொழுது சாய்வதற்குள் அந்த இடத்தில் குட்டிகளுக்கு இடுப்பளவு சேற்றுத்தண்ணீர்தான் இருந்தது.

"இனி வகுப்பை நடத்துங்கள் டீச்சர்" என்றாள் பெருந்தேவி. "விருந்தாளி யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள்."

மறுநாள் வகுப்புக்கு நான்கே பேர் வந்தார்கள். மற்றவர்களைப் பெற்றவர்கள் அனுப்பவில்லை. செவ்வல்லி கோபப்படவில்லை. ஒவ்வொரு வளையாகப் போய்க் கூப்பிட்டாள். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். தும்பையின் வளைக்கு எட்டு நாள் போனாள். தும்பை எட்டு நாளும் வெளியே வரவில்லை.

ஒன்பதாம் நாள் தும்பை தானாகவே குளக்கரைக்கு வந்தாள். பஞ்சு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தாள்.

"இவள் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குகிறாள்" என்றாள் தும்பை. "எனக்கும் அப்படித்தான். என் மகன் போனபோது கரையில் நின்றேன். இவள் விழுந்தபோதும் கரையில்தான் நின்றேன். முதலில் எனக்குச் சொல்லிக்கொடுங்கள் டீச்சர்!"

செவ்வல்லி அவளைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினாள். தும்பை மூழ்கினாள், குடித்தாள், இருமினாள், மறுபடி உதைத்தாள். ஆறு நாள் கழித்துத் தத்தித் தத்தி அக்கரை போய்ச் சேர்ந்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சு வயிறு வரை இறங்கினாள். இந்தத் தடவை ஓடவில்லை. மற்ற குட்டிகளும் ஒவ்வொருவராக வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள்.

குளம் அதன் பிறகு ஒருநாளும் தெளியவில்லை. ஐப்பசியில் ஆறு மறுபடி பொங்கியது. போன வருஷத்தைவிட அதிகமாகவே பொங்கியது. புங்கமரமே வேரோடு போய்விட்டது. ஆனால் முப்பது குட்டிகளும் நீந்திக் கரைசேர்ந்து, சேறும் நுரையுமாக மேட்டில் ஏறி நின்று ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது விதிகளில் ஒன்றுகூட அப்போது அவர்களில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிள்ளைகள் கற்பதற்காகக் கொடுத்த உதவி வீணானதா இல்லையா என்பதை, அவர்கள் கற்றார்களா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.