மழுக்குராயனும் மொட்டுப் போர்வையும்

முன்னொரு காலத்திலே, பலாப்பழம் முள்ளில்லாமல் காய்த்த காலத்திலே, மஞ்சுமலை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் பெயர் மழுக்குராயன். மந்திரவாதி. கெட்டவன். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை, அதனால் இப்போதே சொல்லியாச்சு.

அவனுடைய வலதுகைச் சுட்டுவிரலில்தான் மந்திரம் இருந்தது. அந்த விரலால் எதைத் தடவினாலும் வழவழ. பலாவைத் தடவினான், வழவழ. பாகற்காயைத் தடவினான், வழவழ. வீடு வீடாகப் புகுந்து அம்மிக்கல்லைத் தடவினான், வழவழ. அதற்கப்புறம் அந்த அம்மியில் மிளகாய் வைத்து அரைத்தால், மிளகாய் வழுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. ஊரே சப்பென்று தின்றது.

அதோடு விட்டானா? ஜனங்களை வரிசையாக நிற்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, நாக்கையும் தடவினான். அன்று முதல் யார் நாக்கிலும் ‘மாட்டேன்’ என்ற சொல் நிற்கவில்லை. வழுக்கி விழுந்தது. மாட்டைக் கேட்டாலும் “ஆகட்டும் ராயரே.” வீட்டைக் கேட்டாலும் “ஆகட்டும் ராயரே.” கூரையைப் பிரித்துக்கொண்டு போனாலும், மழையில் நனைந்துகொண்டே, “ஆகட்டும் ராயரே.”

இரண்டு பேர் நாக்கு மட்டும் தப்பியது. ஒருவன் காத்தன். தேய்ந்த அம்மியை உளியால் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கித் தருவது அவன் தொழில். அன்றைக்கு வெளியூரில் கொத்திக்கொண்டிருந்தான். இன்னொருத்தி அவன் தங்கை வேம்பு. மலைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

காத்தன் ஊர் திரும்பியதும் ராயன் ஆள் விட்டுக் கூப்பிட்டான்.

“உளியைக் கொடு.”

“மாட்டேன். அதைக் கொடுத்துட்டு நகத்தாலயா அம்மி கொத்துவேன்?”

ராயன் அவன் நெற்றியைத் தடவினான். காத்தன் நின்ற இடத்தில் ஒரு கூழாங்கல் கிடந்தது.

வேம்பு வந்தாள். கல்லை எடுத்தாள். தாவணி நுனியில் முடிந்துகொண்டாள். அழவில்லை. “அண்ணனை ஆளாக்காம நான் வீட்டு வாசல்ல கால் வைக்கமாட்டேன்,” என்றாள். அதைக் கேட்க அங்கே அவளுடைய செம்மறிக் கிடா மட்டும்தான் நின்றது.

“எப்படி ஆக்குவே?” என்றது கிடா.

ஆடு எப்படிப் பேசும் என்று யாராவது கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும். பேசியது, அவ்வளவுதான்.

“தெரியாது,” என்றாள் வேம்பு.

“எனக்குத் தெரியும். போன பண்டிகைக்கு என்னை வெட்டுறதுக்கு அரண்மனைக் கொட்டில்ல கட்டிப் போட்டிருந்தாங்க பாரு, கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிவந்தேனே, அப்பக் கேட்டேன். அவன் உடம்புல ஒரே ஒரு சொரசொரப்புகூட இல்லாதவரைக்கும்தான் அந்த மந்திரம் நிக்குமாம். ஒரு மொட்டு முளைச்சு அழியாம நின்னாப் போதும், எல்லாம் போச்சாம். அதுக்குப் பயந்துதான் தினமும் தன்னையே தடவிக்கிறான். தொப்புளைக்கூட விட்டுவைக்கல.”

அது உண்மைதான். ராயன் உடம்பில் முடி இல்லை, மரு இல்லை, சுருக்கம் இல்லை. ஆனால் அதில் ஒரு கஷ்டம் இருந்தது. மஞ்சுமலைக் குளிர் சும்மா விடுமா? அவன் முட்டி இரண்டும் எப்போதும் விறைத்துக் கிடந்தன. எதைப் போர்த்தினாலும் அந்த வழவழ மடியில் நிற்காமல் சறுக்கித் தரையில் விழுந்தது.

பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. முரசு அடிக்கச் சொன்னான். ராயன் மடியில் நிற்கும் போர்வை கொண்டுவந்தால் கேட்டது கிடைக்கும். நிற்காவிட்டால் கூழாங்கல்.

ஒருவர் பட்டுச் சால்வை கொண்டுவந்தார். வழுக்கியது. ஒருவர் பஞ்சு மெத்தை கொண்டுவந்தார். வழுக்கியது. ஒருவர் புலித்தோல் கொண்டுவந்தார். புலிக்கே வெட்கமாக இருந்திருக்கும், அதுவும் வழுக்கியது. அரண்மனை வாசலில் கல் கூடியது.

வேம்பு கிடாவைப் பார்த்தாள்.

“ஏன் பிள்ளே, அப்படிப் பாக்குறே?” என்றது கிடா.

“உன் கம்பளி வேணும்.”

“இந்தக் குளிர்லயா? நான் எதைப் போத்திக்குவேன்?”

“பின்னுறதை முதல்ல அவன் மடியில போடுவேன். வேலை முடிஞ்சதும் உனக்குத்தான்.”

“நீ கல்லாகிட்டா?”

“அப்ப நீ குளிர்ல சாவே. நிஜத்தைச் சொல்லிட்டேன், கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.”

கிடா கொஞ்ச நேரம் அசைபோட்டது. “பொய் சொல்லியிருந்தா முட்டித் தள்ளியிருப்பேன். சரி, கத்தரி.”

வேம்பு கத்தரித்து, நூற்று, நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். கையில் காத்தன் எப்போதோ மரத்தில் செதுக்கிக் கொடுத்த கொக்கி ஊசி. அம்மணமாய் நடுங்கிக்கொண்டு கிடாவும் பின்னால் போயிற்று.

“தறி எங்கே?” என்றான் ராயன்.

“தறி வேண்டாம். இந்தக் கொக்கி போதும். முதல்ல ஒரு துண்டு. அது உங்க மடியில நின்னா, மத்த துண்டையும் பின்னி அதோட சேத்துக்கலாம்.”

அவனுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணிக்குள் கண்ணி இழுத்துச் சங்கிலி போட்டாள். சங்கிலிமேல் வரிசை ஏற்றினாள். அப்புறம் மொட்டு. ஒரே துளைக்குள் ஊசியை விட்டு விட்டு இழைகளைப் பாதி பாதியாக இழுத்துக் கொக்கியிலேயே நிறுத்திவைத்து, கடைசியில் அத்தனைக்கும் ஊடே நூலை ஒரே இழுப்பு. மொட்டு புடைக்கும். அது பின்னுகிறவள் பக்கம் புடைக்காது, எதிர்ப்பக்கம் புடைக்கும். எதிர்ப்பக்கத்தில் ராயன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் வேம்பு வாய்க்குள் ஒரு சொல் சொன்னாள். மாட்டேன், ஒரு மொட்டு. மாட்டேன், இன்னொரு மொட்டு.

ராயன் முகம் சுளித்தான். “என்ன அது, அம்மை போட்ட மாதிரி? வழவழன்னு பின்னு.”

“மாட்டேன். வழவழன்னு பின்னினா வழுக்கும்.”

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. காவலாளிகள் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ராயன் விரலை உயர்த்தினான். அவன் முட்டிகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. விரலை இறக்கினான். இவளையும் கல்லாக்கிவிட்டால் யார் பின்னுவது? அதற்குப் பதிலாக ஊசியிலிருந்த கடைசிக் கண்ணியை உருவி, நூலைப் பிடித்து இழுத்தான். சரசரவென்று வரிசை வரிசையாக அவிழ்ந்து, அத்தனையும் தரையில் நூலாகக் கிடந்தது.

ஆனால் அது முதலில் இருந்த நூல் இல்லை. நெளிநெளியாகச் சுருண்டிருந்தது.

“ஏன் இப்படி நெளியுது?” என்றான் ராயன்.

“பின்னின நூல் அப்படித்தான். அவிழ்த்தாலும் அதுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க அவிழ்த்தீங்க, இன்னும் சொரசொரப்பாச்சு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

கிடா தொண்டையைச் செருமியது. சிரிப்பை அடக்கினால் ஆடு அப்படித்தான் செய்யும்.

வேம்பு மறுபடி பின்னினாள். மாட்டேன், ஒரு மொட்டு. மாட்டேன், இன்னொரு மொட்டு. ராயன் இந்தத் தடவை எட்டி ஊசியைத் தடவினான். வழவழ. கொக்கி மறைந்து ஊசி வெறும் குச்சியானது.

“இப்ப எதால பின்னுவே?”

வேம்பு குச்சியை வாயில் வைத்தாள். கடைவாய்ப் பல்லால் கடித்தாள். ஈறில் ரத்தம் வந்தது. கடித்த இடத்தில் ஒரு வெட்டு விழுந்தது, நூல் மாட்டுகிற அளவுக்கு. துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னினாள்.

“உனக்கு என்கிட்ட பயமே இல்லையா?”

“இருக்கு. அதுக்காகப் பின்னாம இருக்கமுடியுமா?”

துண்டு முடிந்தது. வேம்பு நூலை அறுத்தாள், நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு இறுக்கினாள், மிச்சத்தைப் பின்னலுக்குள் செருகி மறைத்தாள். ஆரம்பித்த இடத்தில் தொங்கிய நூலை மட்டும் நீளமாக, கண்ணில் படுகிற மாதிரி விட்டுவைத்தாள். வேண்டுமென்றேதான் விட்டாள்.

மொட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி ராயன் மடியில் போட்டாள். அத்தனை மொட்டும் வழவழ மடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. போர்வை நின்றது.

“நின்னுடுச்சு,” என்றாள் வேம்பு. “எங்க அண்ணனைக் கொடுங்க.”

ராயன் சிரித்தான். “மாட்டேன்.”

“ஓ. உனக்கு மட்டும் அந்தச் சொல் நாக்குல நிக்குதா?” ‘நீங்க’ அத்தோடு போயிற்று.

“மத்த துண்டை வேற யாராவது பின்னட்டும். நெத்தியைக் காட்டு,” என்று ராயன் விரலை நீட்டினான்.

வேம்பு நகரவில்லை. கண்ணை மூடவும் இல்லை. தாவணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முட்டியையே பார்த்தாள்.

எத்தனையோ வருஷமாக விறைத்துக் கிடந்த முட்டியில் முதல்முதலாகச் சூடு ஏறியது. குளிர்ந்த உடம்பில் திடீரென்று கதகதப்பு பட்டால் என்ன ஆகும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ராயனுக்குத்தான் மறந்துபோயிருந்தது. உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. முட்டிமேல் ஒரு சின்னப் புள்ளி எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

ராயன் அலறினான். புள்ளியைத் தடவி அழிக்கப் பார்த்தான், நடுவில் போர்வை. போர்வையை உதறினான், மொட்டுகள் விடவில்லை. போர்வையையே தடவலாம் என்று அந்தப் பதற்றத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. அவிழ்த்துவிடலாம் என்று, கண்ணில் பட்ட நூலைச் சுட்டுவிரலில் சுற்றி இழுத்தான்.

கொக்கிப் பின்னல் முடித்த இடத்திலிருந்துதான் அவிழும். ஆரம்பித்த இடத்தில் இழுத்தால் இறுகும். பின்னுகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பின்னுகிறதைப் பிடுங்க மட்டுமே தெரிந்தவனுக்கு எங்கே தெரியும்? இழுத்தான், இறுகியது. இன்னும் இழுத்தான், இன்னும் இறுகியது. அவனே அவிழ்த்து நெளியவைத்த நூல், விரலைக் கவ்விக்கொண்டு வழுக்கமாட்டேன் என்றது.

புள்ளி முட்டியிலிருந்து தொடைக்கு ஏறியது, தொடையிலிருந்து கைக்கு ஏறியது, கையிலிருந்து கழுத்துக்கு ஏறியது. உடம்பு முழுக்கப் புல்லரித்து நின்றான் ராயன், தோலுரித்த கோழி மாதிரி.

மந்திரம் உடைந்தது. தோட்டத்துப் பலாவில் முள் முளைத்தது. பாகற்காய் மறுபடி சொரசொரத்தது. வாசலில் கிடந்த கற்கள் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு நின்றன. வேம்புவின் தாவணி கிழிய, காத்தன் தொப்பென்று தரையில் விழுந்தான்.

“என்னை முடிஞ்சுவைக்க வேற இடமே கிடைக்கலையா?” என்றான். “உள்ள ஒரே ஆட்டு வாடை.”

வேம்பு இப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

ராயன், கட்டின விரலோடு காவலாளிகளைப் பார்த்துக் கத்தினான். “பிடிங்க அவளை.”

காவலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். “மாட்டோம்,” என்றார். சொல்லிவிட்டு, ருசியாக இருந்ததுபோல இன்னொரு தடவை சொன்னார்.

ஜனங்கள் வேம்புவை ராணியாக இருக்கச் சொன்னார்கள். “மாட்டேன், ஆடு மேய்க்கணும்,” என்றாள். வேறென்ன வேண்டும் என்று கேட்டார்கள். “இன்னும் கொஞ்சம் துண்டு வேணும். ஆளுக்கொண்ணு பின்னிக் கொடுங்க.” ஆளுக்கொரு விதமாகப் பின்னினார்கள், முள் மாதிரி சிலது, அலை மாதிரி சிலது, என்னவென்றே தெரியாத மாதிரி சிலது. எல்லாவற்றையும் மொட்டுத் துண்டோடு சேர்த்துக் கிடாவுக்குப் போர்த்தினாள். நாட்டிலேயே கதகதப்பான ஆடு அதுதான். அந்தப் பெருமையில் அது சில நாள் யாரோடும் பேசவில்லை.

ராயனா? அவன் வழவழப்பாக்கிய அம்மிகள் மட்டும் தானாகச் சரியாகவில்லை. கல்லை உளிதானே சரியாக்கணும். அதனால் காத்தன் அவன் இடது கையில் உளியைக் கொடுத்துத் தெருத்தெருவாக அனுப்பினான்.

“அம்மி கொத்தலையோ, அம்மி,” என்று ஒருநாள் வேம்பு வீட்டு வாசலிலும் குரல் கேட்டது. கல்லைக் காட்டினாள். கொத்தினான். வேர்க்க வேர்க்கக் கொத்திவிட்டு, “போதுமா?” என்றான்.

வேம்பு உள்ளங்கையால் கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“போதாது,” என்றாள். “இன்னும் கொத்து.”