அரசர் தலைக்கு மேலே ஒரு கால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நெடுங்குன்ற நாட்டை வீரமகுடன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் முன்கோபி. ஒரு ஐப்பசி அடைமழையில் கொலுமண்டபம் ஒழுகியது. சொட்டு வேறெங்கேயாவது விழக்கூடாதா? சரியாக அரசர் மூக்கிலேயே விழுந்தது!

"ஓடு வேய்ந்தவன் எவன்?" என்று கத்தினார்.

"காத்தமுத்து, மன்னா! நாட்டை விட்டே துரத்துங்கள்" என்று முந்திக்கொண்டார் சபையில் மூத்தவரான பூபாலர்.

காத்தமுத்துவை இழுத்து வந்தார்கள். பாவம், அவன் மனைவிக்கு நிறைமாதம். "இந்த மழையில அவளை எங்க சாமி கூட்டிட்டுப் போவேன்?" என்று அழுதான். "சித்திரை வெயில்ல ஓடு வெடிக்கும். ஆடிக் காத்துல நகரும். மழைக்கு முன்னாடி மேல ஏறி மாத்தணும். மூணு வருஷமா என்னை ஏறவே விடலையே!"

விடாதது யார்? சாட்சாத் பூபாலர்தான்! அரசர் தலைக்கு மேலே யாரும் ஏறக்கூடாது என்று சட்டம் போடவைத்து, அதற்காகப் பட்டுச் சால்வையும் வாங்கிக்கொண்டவர்.

அமைச்சர் அறவாழி எழுந்தார். "மன்னா, உங்கள் தலைக்கு மேலே கூரையில் இப்போது ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. சட்டம் அதற்கும் உண்டல்லவா?"

"பிடியுங்கள் அதை!"

குரங்கைப் பிடித்த பெருமை அமைச்சருக்குப் போய்விடுமோ என்று பூபாலருக்கு வயிறு எரிந்தது. "நானே பிடிக்கிறேன், அனுமதி கொடுங்கள்!" என்று ஏணியைச் சாத்தி ஏறினார்.

மடமடவென்று சத்தம். குரங்கு தாவி ஓடிவிட்டது. பூபாலரின் கால் ஒன்று கூரையைப் பொத்துக்கொண்டு வந்து, அரசர் கிரீடத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

"பூபாலரே, ஏறினதுதான் ஏறினீர்கள். அங்கே என்ன தெரிகிறது?" என்றார் அறவாழி.

"ஓடெல்லாம் வெடிச்சிருக்கு! ஒரே சருகு! காத்தமுத்து மேல தப்பே இல்லை, ஐயோ, என்னை இறக்குங்கள்!"

முதலில் ஓடியது காத்தமுத்துதான். "காலை ஆட்டாதீங்க ஐயா, கிழிச்சுக்கும்" என்று பக்குவமாக அவரை மீட்டு இறக்கினான்.

அரசருக்கு வெட்கமாகிவிட்டது. "அவசரப்பட்டுவிட்டேன், காத்தமுத்து. மன்னித்துவிடு" என்றார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். பூபாலரின் தோளில் கிடந்த சால்வையை உருவி, "உன் மனைவியிடம் கொடு" என்று அவன் கையில் வைத்தார்.

அடுத்த ஆவணியில் காத்தமுத்து அரண்மனைக் கூரையில் ஏறினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பூபாலர். மண்டபத்தில் அந்தச் சால்வையில் கட்டிய தூளியில் அவன் மகள் தூங்கினாள். ஆட்டிவிட்டவர் அரசர்.