நாற்பது தலைகள்

துரைக்கண்ணு பேச நின்றால் பனியன் கம்பெனியே வாய் பிளந்து கேட்கும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தையல்காரர்களுக்கு வகுப்பெடுப்பது அவர் வேலை. முடிவில் "புரிஞ்சுதுங்களா?" என்பார். நாற்பது தலையும் ஆடும்.

ஒத்திகை நாளில் தகரத் தட்டில் கழிவுத் துணியைக் கொளுத்தினார்கள். அத்தனை பேரும் மாறி மாறித் தீயணைக்கும் சிலிண்டரின் பிடியை அமுக்கினார்கள். பிடியைப் பூட்டியிருக்கும் வளையப் பின்னைப் பிடுங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. துணி சாம்பலானதுதான் மிச்சம்.

இது நிஜத் தீயாக இருந்திருந்தால் என்று நினைத்த துரைக்கண்ணுவுக்கு மதியம் சோறு இறங்கவில்லை. அடுத்த ஒத்திகையும் இப்படியானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளியும் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தரும் ஜெசிந்தாவிடம் போனார். வயதில் இவரைவிடப் பதினைந்து வருஷம் இளையவர்.

"எப்படிப் பேசினா மண்டையில ஏறுமுங்க டீச்சர்?"

"எனக்கே வகுப்பெடுங்கண்ணா."

எடுத்தார். அரை மணி நேரம், மடை திறந்த வெள்ளம்தான். "புரிஞ்சுதுங்களா?"

ஜெசிந்தா தலையாட்டினார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சிலிண்டரை எடுத்து, பின்னைத் தொடாமல் பிடியை அமுக்கினார்.

"பின்னைப் பிடுங்கோணும்னு சொன்னேனுங்களே. நீங்களும் தலையாட்டுனீங்க."

"தலையாட்டத்தானே கேட்டீங்க?"

துரைக்கண்ணு சிலிண்டரை வாங்கிப் பின்னைப் பார்த்தார்.

"வகுப்புல பின்னை யாருங்கண்ணா பிடுங்குவாங்க?"

"நேரமாகுதுன்னு நானே முன்னாடியே பிடுங்கிச் சட்டைப்பையில போட்டுக்குவேனுங்க." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அடுத்த வகுப்பில் ஐந்தே நிமிடம் பேசினார். பின்னைக் கழற்றாமலேயே சிலிண்டரை ஓவர்லாக் மிஷினில் தைக்கும் செண்பகத்திடம் கொடுத்து, "நீ இவங்களுக்குச் சொல்லிக்குடு கண்ணு" என்றார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலைங்கண்ணா. இந்த வளையம் எதுக்குங்க?"

வகுப்பெடுத்த ஆறு வருஷத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று நாற்பது பேரும் தங்கள் கையாலேயே பின்னைப் பிடுங்கினார்கள். மாதக் கடைசியில் நடந்த ஒத்திகையில், பத்து எண்ணுவதற்குள் செண்பகம் தீயை அணைத்துவிட்டாள்.

துரைக்கண்ணு ஜெசிந்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"ரொம்ப சந்தோசங்கண்ணா. அடுத்த வாரம் மத்த கம்பெனி டிரெய்னருங்களுக்கு நீங்க வகுப்பெடுங்க. எப்படி எடுக்கணும்னு புரிஞ்சுதுங்களா?"

தலையாட்டப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது.

"புரியலைங்க டீச்சர்."

"அப்பச் சரி. நீங்களே எடுங்க."