கரிச்சான் சுமந்த கச்சேரி

ஒரு கரடிக்குச் சாக்ஸபோன் கிடைத்தது. மலைச்சாலை வளைவில் ஏதோ கல்யாண பேண்டு வண்டியிலிருந்து விழுந்து, உருண்டு, நேரே அதன் குகை வாசலில் வந்து நின்றது. கரடி அதைத் தேன்குடுவை என்று நினைத்து உறிஞ்சிப் பார்த்தது. தேன் வரவில்லை. ஊதிப் பார்த்தது. காடே திரும்பிப் பார்த்தது!

அப்புறம் என்ன, கோடை முழுக்கப் பயிற்சிதான். பள்ளத்தாக்குக் குளக்கரையில் ஒரு சாயங்காலம் கச்சேரி என்று எல்லா மலைக்கும் சேதி போனது.

ஒரு யானையால் போக முடியவில்லை. காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, மூன்று மலை தள்ளி ஒரு பாறையடியில் தனியே கிடந்தது. கூட்டம் தண்ணீர் தேடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கியபோது அதன் குட்டியும் கூடவே போய்விட்டது.

யானை கரிச்சான் குருவியைக் கூப்பிட்டது. “நீ எதைக் கேட்டாலும் அப்படியே பாடிக் காட்டுவியே, அந்தக் கச்சேரியை எனக்குக் கொண்டு வா. என் குட்டி அங்க ஒரு சத்தமாவது போடும். அது குரலைக் கேட்டு இருபது நாளாச்சு.”

“ஒரு இருமலைக்கூட விடாம கொண்டு வரேன் அக்கா,” என்றது கரிச்சான்.

கரிச்சானுக்கு அது பெரிய காரியமில்லை. ஒருமுறை கேட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு சங்கடம், மாற்றிப் பாடிவிட்டால் பழையது தொண்டையை விட்டே போய்விடும்.

கச்சேரி அமர்க்களமாக நடந்தது. தவளைகள் அடிக்குரலில் தாளம் பிடித்தன. மரங்கொத்தி காய்ந்த மரத்தில் வெளுத்து வாங்கியது. கரடி ஊத ஊத ஆடாத கால் இல்லை. கரிச்சான் மட்டும் ஆடாமல் கேட்டது. விடிந்ததும் கிளம்பியது.

முதல் மலையில் முள்ளம்பன்றி வழிமறித்தது. “என்னால வர முடியலை. கொஞ்சம் பாடேன்.”

கரிச்சான் முழுவதையும் பாடியது.

“பலே! உன்னை மாதிரி யாருக்கு வரும்? ஆனா இந்தக் குரங்குங்க கூச்சல் எதுக்கு? பாட்டையே கெடுக்குது.”

நியாயமாகத்தான் பட்டது. கூச்சலை எடுத்துவிட்டு இன்னொரு முறை பாடியது. முள்ளம்பன்றி தலையாட்டியது.

இரண்டாவது மலையில் மயில் கேட்டது. “ஆஹா, உன் தொண்டையே தொண்டை. நடுவுல கரடிக்கு மூச்சு தட்டி ‘கீச்’சுனு ஒரு சுருதி போகுது பார், அதுதான் சகிக்கலை.” மயிலின் குரலைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். கரிச்சான் சிரிக்கவில்லை. கீச்சையும் எடுத்தது.

மூன்றாவது மலையில் காட்டெருமை. “நல்லாத்தான் பாடுறே. கடைசிப் பாட்டுல எவனோ குறுக்கே பிளிறுறான். கச்சேரிக்கு வந்தா வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டாமா?”

பாராட்டு தலைக்கேறியிருந்தது. யார் பிளிறினார்கள் என்றுகூட யோசிக்காமல் பிளிறலை எடுத்தது, மடக் கரிச்சான்.

யானை கண்ணை மூடிக் கேட்டது. பாட்டு முடிந்த பிறகும் காதை விரித்தபடியே இருந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா. சுத்தமா இருக்கில்ல?”

“துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. கரடி இருக்கு, கேட்டவங்க ஒருத்தரும் இல்லையே. என் குட்டி எங்க?”

அப்போதுதான் கரிச்சானுக்கு உறைத்தது. தொண்டையைத் துழாவிப் பார்த்தது. ஒன்றுமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. “இருங்க அக்கா, அதைக் கொண்டு வராம நான் கூட்டுக்குப் போக மாட்டேன்,” என்று வந்த வழியே பறந்தது.

“எருமையண்ணே, குறுக்கே ஒரு பிளிறல்னு சொன்னீங்களே, அது எப்படி இருந்துச்சு?”

“அதை மறக்க முடியுமா? பாட்டுகூட மறந்து போச்சு, அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகலை.” எருமை கழுத்தை நீட்டிக் கத்திக் காட்டியது.

“இல்லை. இன்னொரு தரம்.”

கத்தியது.

“இன்னொரு தரம் அண்ணே.”

“உனக்கு வேற வேலை இல்லையா?”

“இல்லை. இன்னொரு தரம்.”

பதினோராவது தரம் கத்தியபோது எருமைக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் கரிச்சானின் தொண்டைக்குள் குட்டியின் குரல் தானாக எழுந்து நின்றது.

அதோடு அது நிற்கவில்லை. ஒரு இருமலைக்கூட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததாயிற்றே. மயிலிடம் போய்க் கீச்சை வாங்கிக்கொண்டது. முள்ளம்பன்றி ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே திட்டியபடி கூச்சலை ஒப்பித்தது. குறை சொன்னவர்கள், தாங்கள் குறை சொன்னதை மட்டும் அச்சு அசலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு முயல் சொன்னது: “கொஞ்சம் நீளம்.”

“கேட்டுக்கறேன். எடுக்க மாட்டேன்,” என்று கரிச்சான் பறந்தது.

யானை மறுபடி கண்ணை மூடியது. குரங்குகள் கத்தின. கரடிக்கு மூச்சு தட்டியது. கடைசிப் பாட்டில் அந்தப் பிளிறல் வந்ததும் யானையின் துதிக்கை தானாக உயர்ந்தது.

“என் குட்டி! பசியில கத்தலை, பயத்துல கத்தலை. ஆடிக்கிட்டே கத்துது!” என்று யானை அழுதது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. “எல்லாம் சரி. அந்தக் கரடிதான் கொஞ்சம் நீட்டி முழக்குறான். குறைச்சா நல்லா இருக்கும்.”

“சரி அக்கா,” என்று சொல்லிவிட்டு, கரிச்சான் முழுக் கச்சேரியையும் முதலிலிருந்து தொடங்கியது.

ஊரார் கருத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம். ஆனால் யாருக்காகச் சுமந்து வந்தோமோ அவரை மறந்துவிட்டுச் சுமையைக் குறைக்கக் கூடாது.