ஆணி அடிக்க வேண்டிய சுவர்

ஓசூர்ப் பக்கம் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சம்பளம், சலுகைப் பிரிவுக்கு நசீமா பொறுப்பாளர். அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் குணசீலன். நசீமாவைவிட ஆறு வயது மூத்தவர். உற்பத்திப் பிரிவிலிருந்து மாறி வந்தவர். யாருக்கு எந்தச் சம்பள நிலை என்று முதலில் எழுதுவது இவர்தான்.

தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பெயர் கொடுக்க அன்று கடைசி நாள். குணசீலன் நசீமாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"இந்தச் சான்றிதழால பிரயோஜனம் உண்டா மேடம்?"

"உங்களுக்கு எதுக்கு அது?"

குணசீலன் ஒளிக்கவில்லை. தினம் யாராவது வந்து, தான் போட்ட நிலையை எதிர்த்துக் கேட்கிறார்கள். தன் தலைக்கு மேலே சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கினால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார்.

நசீமா எழுந்து ஓரமாக நின்றார். "கொஞ்ச நேரம் என் நாற்காலியில உக்காருங்க சார். வெளியில மேரி நிக்கறாங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

அற்புதமேரி ரசாயனக் கிடங்கில் வேலை பார்ப்பவர். வந்து எதிரில் அமர்ந்தார். தன்னை ஏன் கடைசி நிலையில் போட்டீர்கள் என்று கேட்டார். பதவியின் பெயர் உதவியாளர், உதவியாளர் எல்லோருக்கும் அதே நிலைதான் என்றார் குணசீலன்.

"யாருக்கு சார் உதவியாளர்? கிடங்குல என்னை விட்டா ஆளே கிடையாது. ஆசிட் பீப்பா கசிஞ்சா நான் யாரைக் கூப்பிடட்டும்?"

குணசீலன் பதில் தேடி நிமிர்ந்தார். மேரியின் தலைக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், ஒரு கண்ணாடிச் சட்டம். போகும்போதும் வரும்போதும் ஏதோ படம் என்று கடந்துபோன சட்டம். அதில் நசீமாவின் பெயர் இருந்தது. அதே தேர்வின் சான்றிதழ், இந்த நாற்காலியைப் பார்த்தபடி.

மேரி திரும்பிப் பார்க்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

"பேரைப் பார்த்துப் போட்டுட்டேம்மா," என்றார் குணசீலன். "வேலையைப் பார்க்கல. நாளைக்குக் காலையில கிடங்குக்கு வர்றேன். ஷிஃப்ட் முடியற வரைக்கும் கூடவே நிக்கறேன். அப்புறம் திருப்பி எழுதறேன்."

"செருப்போட வந்துடாதீங்க. பூட்ஸ் போட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு மேரி போனார்.

குணசீலன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

"அப்ப, தேர்வுக்குப் பணம் கட்டவா மேடம்?"

"கட்டுங்க சார். எந்தச் சுவத்துல ஆணி அடிக்கணும்னு முடிவு பண்ணிட்டுக் கட்டுங்க."