வால்வுக்குக் கரி பிடித்த கதை

அந்தக் காலத்தில் வண்டிகளுக்கு வாய் இருந்தது. ஹாரனைச் சொல்லவில்லை; அதுதான் இன்றைக்கும் ஊரைக் கூட்டுகிறதே. டயர், பிரேக், இன்ஜினுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன உறுப்புகள் வரை எல்லாமே மனிதரோடு சரிசமமாகப் பேசிக்கொண்டிருந்தன. எங்கே வலித்தாலும் வாய்விட்டுச் சொல்லும். டிரைவர் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

அப்போது நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் ஓர் ஊர் இருந்தது. சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். ஊருக்கு இருந்ததோ ஒரே கார். அதை ஓட்டியவன் நாச்சிமுத்து. நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். காபி ஆறும்வரை பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம்.

அந்தக் காரின் இன்ஜினுக்குள் ஒரு தீயறை. அதன் வாசலில் கதவாக நின்றவள் வால்வு. காற்று வரும்போது திறப்பாள், தீ எரியும்போது இறுக மூடிக்கொள்வாள். கதவு சரியாக மூடினால்தான் தீக்கு வலு. தீக்கு வலு இருந்தால்தான் வண்டி மலையேறும். பெட்ரோலும் காற்றோடு சேர்ந்து அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போவான். போகிற போக்கில் வால்வை நனைத்துவிட்டுப் போவான். அதே காற்றுக் குழாயில் ஆயில் புகையும் வரும். இன்ஜினின் கீழ்த்தளத்தில் சூடாகிக் கிளம்புகிற பிசுபிசுப்பான புகை அது. வெளியே விட்டால் ஊரே நாறும் என்று குழாய்க்குள் திருப்பி விட்டிருந்தார்கள். புகை வால்வின் முதுகில் அப்பும், பின்னாலேயே பெட்ரோல் வந்து கழுவிவிடுவான். வால்வு எப்போதும் பளிச்சென்று இருந்தாள். அது அவளுடைய பிறவி நிறம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்ரோலுக்கு ஒரு மனக்குறை. குழாய்ச் சுவரிலும் கதவிலும் ஒட்டியே தன்னில் பாதி வீணாகிறது, நேராகத் தீயறைக்குள் விட்டால் தன் பலம் என்னவென்று காட்டுவேன் என்று நாச்சிமுத்துவிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்துவுக்கும் அந்தப் பேச்சு இனித்தது. அவனுடைய தங்கை தெய்வானை தலைப்பிரசவத்துக்கு அவன் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீடு. அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். உச்சி வளைவில் கார் எப்படித் திணறும் என்பது அவனுக்குத் தெரியும். தங்கை வலியோடு படுத்திருக்கும்போது அங்கே நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் அவனைத் தூங்கவிடவில்லை.

காரை ரங்கப்ப ஆசாரியின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனான். ஆசாரி நெடுநேரம் யோசித்தார். தீயறைச் சுவரிலேயே துளை போட்டு மெல்லிய பீச்சுகுழல் வைத்தால் பெட்ரோல் நேராக உள்ளே போய்விடும், செய்யலாம் என்றார். அதைக் கேட்டு வால்வுதான் கலங்கினாள்.

"தம்பி, நீ நேரா உள்ள போயிட்டா என்னைய யாரு கழுவுவாங்க?"

"கதவுக்கு எதுக்குக்கா குளியல்?" என்றான் பெட்ரோல்.

ஆசாரிக்கு மனசு கேட்கவில்லை. பழைய வழியையும் சின்னதாக விட்டுவைக்கலாம், கொஞ்சம் பெட்ரோல் அதன் வழியாகவும் போகட்டும் என்றார். ஆனால் அதற்கு இன்னும் ஒரு நாள் வேலை பிடிக்கும். நம் அவசரக்காரனுக்கு அந்த ஒரு நாள்தான் மலையாகத் தெரிந்தது.

"ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுங்க ஆசாரி. பழசை அடைச்சுப்போடுங்க," என்றான்.

ஆசாரி அடைத்துவிட்டார்.

கார் ஆட்டுக்குட்டி மாதிரி மலையேறியது. டாங்கில் பெட்ரோலும் மிச்சமானது. அதைப் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் தங்கள் வண்டிக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஆசாரி வாசலில் வந்து நின்றார்கள். பெட்ரோலுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயில் புகை மட்டும் எப்போதும்போல வந்துகொண்டே இருந்தது. வால்வின் முதுகில் அப்பியது. கழுவ ஆளில்லை. தீயறைச் சூட்டில் அது பால் பாத்திரத்தில் அடிப்பிடிக்கிற மாதிரி தீய்ந்து, அதன்மேல் இன்னொரு படலம், அதன்மேல் இன்னொன்று என்று ஏறியது. முதுகு கனக்கிறது என்று வால்வு சொன்னாள். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்றான் நாச்சிமுத்து. கரி ஏற ஏற அவள் குரல் கம்மி, கடைசியில் வெறும் முனகலானது. காலையில் கிளப்பும்போது கார் உதறத் தொடங்கியது.

உதறலுக்கு நாச்சிமுத்து ஒரு காரணம் கண்டுபிடித்தான். பெட்ரோலில் கலப்படம். சந்தையில் பெட்ரோல் விற்ற காசிம் பாயிடம் போய் நாலு பேர் பார்க்கக் கத்தினான். பாய் பதிலுக்குக் கத்தவில்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் காட்டினார். தெளிந்த பெட்ரோல். நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. இருந்தாலும் விடாமல், அழுக்கை அலசும் மருந்து கலந்த உசத்திப் பெட்ரோலைக் கேட்டு வாங்கி டாங்கை நிரப்பினான். வால்வும் அதில் குளித்துக்கொள்வாள் என்பது அவன் கணக்கு. பெட்ரோல் இப்போது அவள் பக்கம் போவதே இல்லை என்பது, வழியை அடைக்கச் சொன்னவனுக்கே மறந்துபோயிருந்தது.

ஒரு காலை, கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது தெய்வானைக்கு வலி கண்டது. கிளம்பிய அவசரத்தில் கஞ்சிப் போசியோடு கொட்டாங்குச்சி அகப்பையும் காரில் ஏறிவிட்டது. உச்சி வளைவு வந்தது. கார் உதறியது, இருமியது, நின்றேவிட்டது.

நாச்சிமுத்து டயருக்குக் கல் வைத்துவிட்டு, உசத்தி என்று உன்னை நம்பி வாங்கினேனே என்று பெட்ரோலைத் திட்டித் தீர்த்தான். 

"நான் சுத்தமாத்தானுங்க வந்தேன். நான் போற வழியெல்லாம் சுத்தமாத்தான் இருக்குது. அக்காகிட்டப் போறதுக்குத்தான் வழியில்லை. நான் கேட்டேன், நீங்க அடைச்சீங்க," என்றான் பெட்ரோல்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தான். பளிச்சென்று இருந்தவளைக் காணவில்லை. கருங்கட்டியாக ஏதோ ஒன்று அரைகுறையாகத் திறந்தபடி நின்றது. ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சுரண்டினான். கரிக்குள்ளிருந்து வால்வு வீறிட்டாள். இன்னும் ஒரு கீறல் ஆழமாக விழுந்தால் அந்தக் கதவு ஒருநாளும் மூடாது.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அண்ணா, இரும்பைப் போட்டு ஏன் அவளைக் கிழிக்கறே? ஈயம் பூசின பாத்திரத்தை நான் அப்படியா தேய்ப்பேன்? இந்தா, இந்த அகப்பையை ஒடைச்சுத் தேய்."

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் அவளே கொட்டாங்குச்சியை உடைத்துச் சில்லுச் சில்லாக எடுத்துக் கொடுத்தாள். அவன் தேய்த்தான். ஓடு கரியைப் பெயர்த்தது, வால்வைக் கீறவில்லை. கரி செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் பழைய பளபளப்பு தெரிந்தது. வால்வு ஒருமுறை இறுக மூடிப் பார்த்தாள். கதவு மூடியது.

கார் மலையைத் தாண்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த கையோடு தெய்வானை பெண்குழந்தை பெற்றாள்.

அன்று மாலையே நாச்சிமுத்து ஆசாரியிடம் போய், பழைய வழியைத் திறந்துவிடச் சொன்னான். அடைத்ததைத் திறந்தால் குழாய்ச் சுவரே விரிசல் விட்டுவிடும், இனிச் செய்யும் வண்டிகளில் வேண்டுமானால் இரண்டு வழியும் வைக்கிறேன் என்று கைவிரித்தார் ஆசாரி. நாச்சிமுத்து பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதான். என்னை மன்னித்துவிடு என்று வால்விடம் கேட்டான்.

"உங்க தங்கச்சி அத்தனை வலியிலும் என் வலியைப் பாத்தா. அவளுக்காக நிக்கறேன். ஆனா வாயால சொன்னப்ப நீங்க கேக்கலைங்ணா. இனிச் சொல்ல மாட்டேன்," என்றாள் வால்வு. அவ்வளவுதான். அவள் பேசாததைப் பார்த்து மற்ற உறுப்புகளும் வாயை மூடிக்கொண்டன.

அதன்பிறகு நாச்சிமுத்து காலையில் வண்டியைக் கிளப்பியதும் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். வண்டியைக் கும்பிடுகிறான் என்று ஊரார் நினைத்தார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

நல்ல பெட்ரோல், தான் போகிற வழியைச் சுத்தமாக வைக்கும். அந்த வழியில் இல்லாத வால்வின் முதுகைத் தொடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் இன்றைக்கும் இரும்பை விலக்கிவிட்டு, அக்ரூட் கொட்டை ஓட்டின் பொடியைப் பீச்சித்தான் அந்தக் கரியை எடுக்கிறார்கள். அந்தக் காலம் முதல்தான், பெட்ரோலை நேராகத் தீயறைக்குள் பீச்சுகிற கார்கள் காலையில் கிளம்பும்போது உதறுகின்றன. குளிர் போலிருக்கிறது என்று நாம் போய்விடுகிறோம். முதுகு கனக்கிறது என்று வால்வு சொல்வதுதான் அது.